ஐந்து நிமிடம் என்று சொன்னேன்

என் மனைவியின் இதயம் நின்றுபோன காலையில் ஒரு மருத்துவ உதவியாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மூச்சு நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது அந்தக் கேள்வி. பதினான்கு நிமிடம் என்று எனக்குத் தெரியும். காரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டி வந்திருந்தேன். ஐந்து நிமிடம் என்று சொன்னேன்.

பதற்றத்தில் வாய் தவறவில்லை. தெரிந்தே சொன்னேன். அப்படியொரு பொய்யைச் சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் தெரிந்திருந்தது எப்படி என்பதை முதலில் எழுதியாக வேண்டும். இதில் வரும் இரண்டு மருத்துவமனைகளின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அங்கே பிழை செய்தவர் ஒருவரும் இல்லை. பிழை முழுவதும் என்னுடையது.

ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பொறியியல் கற்பித்தேன். குழாய்களில் நீர் ஓடும் விதமும் பம்புகள் பழுதாகும் விதமும் என் பாடம். ஓய்வு பெற்ற பிறகு ஜொகூர் பாருவிலேயே தங்கிவிட்டோம். மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில் பாலம் கடந்து வருவாள். என் தம்பிக்குத் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நண்பகல், அந்தத் தொழிற்சாலையின் கேண்டீனில் அவன் தட்டின்மேல் கவிழ்ந்து விழுந்தான். உடன் வேலை செய்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் நகரத்தின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவின் கதவு சாத்தியிருந்தது. உறவினர் உள்ளே போகக்கூடாது. அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். தம்பியின் மார்புக்குக் குறுக்கே ஒரு வளைவு மாட்டியிருந்தது. அதன் நடுவிலிருந்து ஓர் உருளை இறங்கி அவன் நெஞ்சை அழுத்தி, எழும்பி, மறுபடி இறங்கியது. எந்த மனிதக் கையும் அவன்மேல் இல்லை. சுற்றியிருந்தவர்கள் ஒருவரோடொருவர் தாழ்ந்த குரலில் பேசியபடி நடந்தார்கள். அழுத்தம் ஒரு கணமும் நிற்காமலே அவனை லிப்டில் ஏற்றி, இதயக் குழாயின் அடைப்பு நீக்கும் அறைக்குக் கொண்டுபோனார்கள். வாழ்நாள் முழுவதும் பம்புகளைப் பற்றிப் பேசியவனுக்கு அந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

தம்பி பிழைத்தான். மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி வைத்த மீன் குழம்பை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டான்.

“அந்த மெஷின் குத்துன குத்துல அண்ணி, என் இருவது வருஷத்து முதுகு வலியே காணாம போச்சு.”

“அப்ப உங்க அண்ணனையும் ஒருநாள் அதுல படுக்க வைங்க. வாய் வலிக்காம பேசிக்கிட்டே இருக்காரு.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மாதங்களில் நான் வேறெதையும் பேசவில்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். இதயம் நின்றுபோனவர்களை மீட்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஓரிடத்தில் இயந்திரம், மறு இடத்தில் கைகள். ஓரிடத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, மறு இடத்தில் ஒரு மருத்துவரும் இரண்டு தாதியரும். ஒரு மருத்துவமனை ஒரு மணி நேரம் வரை விடாமல் முயலும். இன்னொன்று இருபது நிமிடத்தில் கையை எடுத்துவிடும். எப்போது கையை எடுப்பது என்று தீர்மானிக்கும்போது அவர்கள் கேட்கும் முதன்மையான கேள்விகளுள் ஒன்று, விழுந்ததற்கும் முதல் அழுத்தத்துக்கும் இடையே கழிந்த நிமிடங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் முயற்சி சிறிதாகும். இதை நான் ஒரு நீலக் கோப்பில் குறித்து வைத்தேன். நெஞ்சழுத்தப் பயிற்சிக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து வீட்டில் அறிவித்தேன். நம்மில் யாருக்கு எது நேர்ந்தாலும் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

“பென்ஷன் வாங்குன பிறகு டாக்டருக்குப் படிக்கிறீங்களா?” என்றாள் மனைவி. “எனக்கு ஏதாச்சும் வந்தா நீங்க பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கவா?”

சிரித்தோம். மகளும் சிரித்தாள்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில், மனைவியின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். மெர்சிங் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊரைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள், அதைத் தாண்டினால் கடல். மூன்றாம் நாள் காலை ஏழே முக்கால் மணி இருக்கும். அக்காளும் தங்கையும் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டு யாரையோ பற்றிப் புறம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சிரிப்பில் ஒரு குரல் குறைந்தது. நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து இடது தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை.

“ஒண்ணுமில்லங்க. வாயு புடிச்ச மாதிரி இருக்கு. முதுகுல இருந்து இழுக்குது.”

“அக்கா, நம்ம ஆஸ்பத்திரி பக்கத்துலதான். ஆறு நிமிஷம். வாங்க, போயிட்டு வந்துரலாம்” என்றாள் தங்கை. அடுப்பை அணைத்துவிட்டாள்.

தாடை வலி, முதுகு வலி, வேர்வை. மூன்றும் என் கோப்பில் இருந்தன. அந்தச் சிறிய மருத்துவமனையை முந்தின நாள்தான் கடந்து போயிருந்தோம். ஒரு மாடிக் கட்டடம், வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்கள், பூனைகள். அங்கே அந்த இயந்திரம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அடைப்பு நீக்கும் அறை இருக்காது. அங்கே போனாலும் இரண்டு மணி நேரத்தில் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். நடுவில் ஒரு நிறுத்தம் எதற்கு என்று கணக்கிட்டேன்.

“ஜொகூர் பாருவுக்கே போயிடலாம். இப்போது கிளம்பினால் பத்து மணிக்கு அங்கே” என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். “அத்தான், ரெண்டு மணி நேரம் ஆவும்.”

“தெரியும்.”

மனைவி எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டாள். “விடுடி. அவரு ரெண்டு வருஷமா படிச்சிருக்காரு. பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போறாரு. நான் போலன்னா கோவிச்சுக்குவாரு.”

அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். தங்கை பின்னால். ஆறு நிமிடத்தில் அந்த மருத்துவமனையின் நுழைவாயில் இடப்பக்கமாக வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

பிறகு சாலையின் இரு புறமும் செம்பனைதான். மனைவி கண்ணை மூடியிருந்தாள். இடையிடையே “எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். “அப்படியேதான் இருக்கு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள். நான் நுழைவாயிலைக் கடந்து பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை முந்த முடியாமல் எதிர்த்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் குறட்டை போல ஓர் ஒலி கேட்டது. அவள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. இன்னொரு முறை அந்த ஒலி. பிறகு ஒன்றும் இல்லை.

“அக்கா! அத்தான், அக்காவப் பாருங்க. அக்கா!”

ஓரத்தில் நிறுத்தினேன். கழுத்தில் விரல் வைத்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இடம்தான். விரலுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அவளைச் சாலையோரத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். தங்கையை ஆம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதற்குச் சான்றிதழ் இருந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்தப் புல்லில் நான் ஒருவனே அழுத்திக்கொண்டிருப்பதை நினைத்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. என் கைகள் ஓய்ந்துவிடும் கணத்தை நினைத்தேன். அந்த அச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

கடிகாரம் எட்டு இருபத்தைந்து காட்டியது. பின்னாலிருந்து தங்கை இரு கைகளையும் நீட்டி அக்காளின் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் வாழ்க்கையில் அந்த வேகத்தில் நான் ஓட்டியதில்லை. ஒவ்வொரு நிமிடமும் எண் மாறியபோது அடுத்த எண் வராதிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நுழைவாயிலுக்குள் திரும்பியபோது எட்டு முப்பத்தொன்பது.

ஹாரனைக் கேட்டு ஓடிவந்தவர் அந்த மருத்துவ உதவியாளர். நம்மவர். நாற்பது வயது இருக்கலாம். கார்க் கதவைத் திறந்த நொடியே அவளைத் தூக்கித் தள்ளுகட்டிலில் போட்டு, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி அழுத்தத் தொடங்கினார். அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே ஓடினேன்.

“அங்கிள், எப்ப மயக்கமானாங்க? எத்தன நிமிஷம்?”

அப்போதுதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அழுத்துவதை நிறுத்தாமலே உரக்கச் சொன்னார். “லீமா மினிட்!” ஐந்து நிமிடம். கட்டிலின் கால்மாட்டில் நின்ற இளம் மலாய்ப் பெண் மருத்துவர் அதைத் திருப்பிச் சொன்னார். நான் பின்னால் பார்த்தேன். தங்கை வாசற்படியில் நின்றாள். அவளும் கேட்டிருந்தாள்.

தம்பி விழுந்தபோது நகரத்து மருத்துவமனையில் என்னை வெளியே நிறுத்தினார்கள். இங்கே யாரும் என்னை வெளியேற்றவில்லை. “பாக்சிக், சினி”, பெரியவரே, இங்கே வாருங்கள் என்று அந்த மருத்துவர் என்னை மனைவியின் தலைமாட்டுக்கு அழைத்தார். பேசுங்கள் என்றார். அவள் நெற்றியில் கை வைத்தேன்.

“இங்கே அந்த மெஷின் இருக்கிறதா?” என்று உதவியாளரிடம் கேட்டேன்.

“எந்த மெஷின் அங்கிள்?”

“நெஞ்சை அழுத்துகிற மெஷின்.”

“அது இல்ல அங்கிள். நாங்கதான்.”

அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்திருந்தது. ஒரு தாதி, இன்னொரு தாதி, கட்டில் தள்ளும் ஊழியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஒவ்வொருவரும் தன் முறைக்காகக் கையைத் தளர்த்திக்கொண்டு நின்றார்கள். மருத்துவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை “துக்கார்!” என்பார், ஆள் மாறுங்கள் என்று. ஒருவர் விலகுவார், அடுத்தவர் ஏறுவார். குட்டையான தாதி ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்று அழுத்தினார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கனத்த உடம்புக்காரர். அவர் முறை வந்தபோது மலாயில் வாய்விட்டு எண்ணினார். இருபதுக்குமேல் அவருக்கு மூச்சிரைத்தது. வேர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து என் மனைவியின் சேலையில் விழுந்தது.

நான் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழம் இறங்கும். மனிதர் கை அப்படி இறங்காது. ஒரு நிமிடம் கழிந்ததும் கை சற்று மேலேயே நின்றுவிடும். அந்தச் சிறு குறைவைக் கண்டுபிடிக்கும் கண் எனக்கு இருந்தது. ஒரு முறை எலும்பு முறியும் ஓசை கேட்டது. அழுத்திக்கொண்டிருந்த தாதி உதட்டைக் கடித்துக்கொண்டார், நிறுத்தவில்லை. இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். இருபதாவது நிமிடம் வந்தபோது மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். என் கோப்பின்படி கையை எடுக்கும் நேரம் அது. அவர் வாயைத் திறந்தார்.

“துக்கார்” என்றார்.

வரிசை மறுபடியும் நகர்ந்தது. முப்பத்துநான்காம் நிமிடத்தில் கழுத்தில் விரல் வைத்திருந்த உதவியாளர் கையை உயர்த்தினார். “நிறுத்துங்க. நிறுத்துங்க. இருக்கு.” திரையில் கோடு எழுந்து விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. ஓட்டுநர் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து என்று சொன்னதால்தான் இந்த முப்பத்துநான்கு கிடைத்தது என்று அப்போது நம்பினேன்.

வென்டிலேட்டரோடு அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாங்கள் பின்னால் தொடர்ந்தோம். அந்த இரண்டு மணி நேரமும் என் கண் ஆம்புலன்ஸின் பின் விளக்கிலேயே இருந்தது. அது சாலையோரம் ஒதுங்கினால் உள்ளே மறுபடி நின்றுவிட்டது என்று பொருள். வேகத்தடைகளில் அது மெதுவாகும்போதெல்லாம் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. காலையில் நான் திரும்பிய இடத்தைக் கடந்தபோதுதான், படித்த கட்டுரைகளில் நான் கவனிக்கத் தவறிய ஒன்று தெளிவாயிற்று. அவை எல்லாம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றியவை. வழியிலேயே இறந்துபோனவர்கள் எந்த மருத்துவமனையின் பட்டியலிலும் இல்லை. இத்தகைய விடுபாட்டுக்கு நான் மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். மேலும் என் மனைவியின் இதயம் காலையில் நின்றிருக்கவில்லை. வலித்தது, அவ்வளவுதான். வலிக்கும் இதயத்துக்கு வேண்டிய மருந்து அந்தச் சிறிய மருத்துவமனையில் இருந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. ஆறு நிமிடத் தொலைவில்.

“அத்தான்” என்றாள் தங்கை. இப்போது அவள் முன்னிருக்கையில் இருந்தாள். “அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க.”

“ஆமாம்.”

“நானும் கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்.”

“உண்மையைச் சொல்லியிருந்தால் சீக்கிரமே கையை எடுத்திருப்பார்கள்.”

அவள் எதையோ சொல்ல வந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரிய மருத்துவமனையில் எல்லாம் நான் படித்தபடியே இருந்தது. வாசலிலேயே குழு காத்திருந்தது. அடைப்பை நீக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் உடல் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் விரிப்பில் கிடத்தினார்கள். கதவு மூடிக்கொண்டது. கொண்டுவந்த கடிதத்தைப் பார்த்தபடி ஒரு மருத்துவர் கேட்டார், விழுந்து எத்தனை நிமிடம் கழித்து அழுத்தம் தொடங்கியது என்று. ஐந்து என்றேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிட எளிதாக இருந்தது. அதுவும் எனக்கு அச்சமூட்டியது.

மகள் மதியம் வந்து சேர்ந்தாள். பாலத்தில் நெரிசல் என்று பாதி வழி நடந்தே வந்திருக்கிறாள். அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

“எத்தன நிமிஷம்பா அம்மாவுக்கு மூச்சு இல்லாம இருந்துச்சு?”

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஐந்து.”

“அஞ்சு நிமிஷந்தானே? அப்ப சான்ஸ் இருக்குப்பா. சித்தப்பாவுக்கும் அப்படித்தானே.” அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அன்று மாலைக்குள் அவள் குறைந்தது பத்துப் பேருக்குத் தொலைபேசியில் சொன்னாள். அஞ்சு நிமிஷந்தான். லக்கிலா, பக்கத்துலயே ஆஸ்பத்திரி. ஒவ்வொரு முறையும் அந்த எண் அவள் வாயில் இன்னும் உறுதிப்பட்டது. உறவினர் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். தம்பி வந்து அவள் தோளைத் தட்டி, “அண்ணி எந்திரிச்சு எனக்கு மீன் கொழம்பு வைப்பாங்க பாரு” என்றான். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனேன்.

மனைவி கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஒளிக்குக் கண்மணி சுருங்கவில்லை என்றார்கள். கை கால்கள் இடையிடையே துள்ளின. மகள் அதை அசைவு என்று மகிழ்ந்தாள். அது மூளை சேதமடைந்ததன் அறிகுறி என்று என் கோப்பில் இருந்தது.

நான்காம் நாள் காலை, பிரிவின் தலைமை மருத்துவர் எங்கள் மூவரையும் ஒரு சிறிய அறைக்கு அழைத்தார். நம் பெண்மணிதான். ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார்.

“அம்மாவோட ஹார்ட் மறுபடியும் நிக்கலாம். இப்பவே ரொம்ப வீக்கா இருக்கு. நின்னா மெஷின் போட்டுத் திரும்பவும் ஆரம்பிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்.”

“போடுங்க டாக்டர்” என்றாள் மகள். “இதுல என்ன கேள்வி? எங்க சித்தப்பா அந்த மெஷின்லதான் பொழச்சாரு. அதுக்காகத்தானே அப்பா இங்க கொண்டுவந்தாரு.”

“ஏற்கனவே ஏழு எலும்பு உடைஞ்சிருக்கும்மா.”

“எலும்பு சேர்ந்துக்கும். அம்மாவுக்கு அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு டாக்டர். அஞ்சு நிமிஷத்துக்கு இவ்ளோ மோசமா ஆகாதுன்னு நானும் படிச்சேன்.”

மருத்துவர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அங்கிள், இந்த டெஸ்ட் ரிசல்ட்டும் அந்த அஞ்சு நிமிஷமும் ஒத்துப்போகல. நான் திரும்பவும் கேக்குறேன். எத்தன நிமிஷம்?”

மகளின் கை என் கையின்மேல் இருந்தது. ஐந்து என்று மூன்றாம் முறை சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த உருளை உடைந்த எலும்புகளின்மேல் இறங்கும். ஒரு மணி நேரம் இறங்கும். வெளியே என் மகள் அது வேலை செய்யும் என்று நம்பிக்கொண்டு நிற்பாள். உண்மையைச் சொன்னால் அவள் கை என்ன செய்யும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது அதற்குத்தான். காரில் இருந்த பயம்கூட அதற்கு அடுத்ததுதான்.

“பதினான்கு” என்றேன். “எட்டு இருபத்தைந்திலிருந்து எட்டு முப்பத்தொன்பது வரை. நான் இடையில் அழுத்தவில்லை. அந்த ஊர் மருத்துவமனையைத் தாண்டிப் போனேன். பிறகு திரும்பி வந்தேன்.”

கை விலகிற்று.

மருத்துவர் எதையும் அடித்து எழுதவில்லை. கோப்பைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். சிறிய மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தில், அந்த இளம் மருத்துவரின் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. கணவர் கூற்று ஐந்து நிமிடம். தங்கை கூற்று பதினைந்து நிமிடம்.

“நர்ஸ் பதிவுக்குக் கேட்டாங்க, அத்தான்” என்றாள் தங்கை. “உள்ள அக்காவ அழுத்திக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல. சொன்ன பிறகு பயமாப் போச்சு. என்னாலதான் நிறுத்திடுவாங்களோன்னு.”

“நிறுத்தலயேம்மா” என்றார் மருத்துவர். “அவங்களுக்கு ரெண்டுமே தெரியும். முதல் பத்து நிமிஷத்துக்குள்ளயே தெரியும். தெரிஞ்சுதான் முப்பத்துநாலு நிமிஷம் பண்ணியிருக்காங்க. திரையில, ஷாக் குடுத்தா திரும்பக்கூடிய துடிப்பு வந்துச்சு, அதனால பண்ணாங்க.”

என் பொய்யால் ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. அந்த வரிசை தன் கண்ணால் கண்டதை நம்பி நகர்ந்திருக்கிறது. நான் செய்ததாக எஞ்சியது ஒன்றுதான். நுழைவாயிலில் வேகத்தைக் குறைக்காமல் போனது.

மகள் அந்தக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“ஏம்பா தாண்டிப் போனீங்க?”

“உன் சித்தப்பாவை நினைத்தேன். இங்கே கொண்டுவந்தால் பிழைப்பாள் என்று நினைத்தேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போறாரு என்று சிரித்தாள்.”

மகளின் தோள் ஒரு முறை குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. அவள் மருத்துவரிடம் சொன்னாள். “மெஷின் வேணாம் டாக்டர். நின்னா விட்டுருங்க.” அதற்கான தாளில் நான் கையொப்பமிட்டேன்.

அன்று பகலும் அடுத்த நாளும் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். ஆறாம் நாள் முற்பகல் எங்களை உள்ளே அழைத்தார்கள். திரையில் இதயத் துடிப்பின் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஐம்பது, நாற்பத்திரண்டு. கட்டிலின் அந்தப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் மகளும் நானும். மூலையில், நான்கு சக்கர வண்டியொன்றின்மேல், துணி உறை போட்டு அந்த இயந்திரம் இருந்தது. ஐந்து காலடி எடுத்து வைத்தால் நான் அதைத் தொட்டுவிடலாம். தாதி அதன் பக்கம் திரும்பவேயில்லை.

முப்பது. எனக்குள் இருந்த படிப்பு, முடிவு, கையொப்பமிட்ட தாள் யாவும் அந்தக் கணத்தில் எங்கோ போய்விட்டன. அதை மாட்டுங்கள், உடனே மாட்டுங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். மூச்சுகூட இழுத்துவிட்டேன்.

மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

“வேணாம்பா” என்றாள்.

திரையில் கோடு ஒரு முறை எழுந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை எழுந்தது. தாதி கை நீட்டி அதன் ஒலியை அணைத்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.